தொட்டு இயக்கும் காட்சிக்கருவியைச் சோதித்துச் சீராக்குவது: முழுமையான வழிகாட்டி

"கருவி நல்லாத்தான் ஓடுது. வர்றவங்க ரெண்டு தட்டு தட்டிட்டுப் போயிடுறாங்க." தொட்டு இயக்கும் காட்சிக்கருவி வைத்திருக்கும் எல்லா இடத்திலும் இந்தப் பேச்சு உண்டு. சரிசெய்ய இறங்கும் புதியவர்கள் முதல் நாளே கருத்துப் படிவம் அச்சடிப்பார்கள்; அடுத்த வாரம் பெரிய திரைக்கு விலை கேட்பார்கள். ஆளோடு பேசுவது ஐந்தாவதாக வர வேண்டிய வேலை. பெரிய திரை பெரும்பாலும் தேவையே படாது.

புதுச்சேரியிலும் கடலூரிலும் அறிவியல் மையம், அருங்காட்சியகம், பள்ளிக் கண்காட்சி, சுற்றுலாத் தகவல் திரை போன்றவற்றைக் கவனித்துக்கொள்பவர்களுக்காக இந்த வரிசை எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு கருவிகள் எடுத்துக்காட்டாக வரும். ஒன்று, கைப்பிடியைச் சுற்றினால், ஒரு பக்கம் மாற்றும்போது இழை பல்பும் மறுபக்கம் மாற்றும்போது எல்.இ.டி.யும் எரியும் மின்னியற்றி. மற்றது, தட்டைத் தள்ளினால் அலை எழுந்து சரிவான கரையில் ஏறும் சுனாமித் தொட்டி. 2004 டிசம்பரைப் பார்த்த கரை இது. சுனாமி என்றால் என்ன என்று இங்கே பலகையில் தொடங்க வேண்டியதில்லை. அந்தத் தொட்டியில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பரீட்சை அட்டை, ஏ4 தாள்கள், பென்சில், தனி ஸ்டாப்வாட்ச், 5 மீட்டர் டேப், மாஸ்க்கிங் டேப், சன்போர்டு எனும் நுரைப் பலகைத் துண்டுகள், தடித்த ஸ்கெட்ச் பேனா, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு. கைப்பேசியில் நேரம் பார்க்க வேண்டாம். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றால் படம் எடுக்கிறார் என்று எண்ணி ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள்.

காணொளிப் பதிவும் வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. வருகிறவர்களில் பெரும்பங்கு பள்ளிப் பிள்ளைகள். பெயரும் முகமும் இல்லாத பென்சில் குறிப்பில் இந்தத் தொல்லை இல்லை. நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "இன்று இந்தக் கூடத்தில் கருவிகளின் பயன்பாட்டைக் கவனித்துக் குறிக்கிறோம்" என்று வாசலில் ஒரு தாளும் ஒட்டுங்கள்.

பிறகு, கருவியின் நோக்கத்தை மூன்று வரிகளில் எழுதுங்கள்: என்ன செய்ய வேண்டும், எதைக் காண வேண்டும், என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும். மின்னியற்றிக்கு: "கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இழை பல்பின் பக்கம் மாற்றினால் கை கனப்பதை உணர வேண்டும். அதே வெளிச்சத்துக்கு இழை பல்பு அதிக உழைப்பைக் கேட்கிறது என்று சொல்ல வேண்டும்." இந்த மூன்றையும் எழுத முடியவில்லை என்றால் சோதிக்க எதுவுமே இல்லை. கருவியை வடிவமைத்தவரிடம் திரும்பிப் போங்கள்.

2. கருவியின் உடல்நிலையை முதலில் பாருங்கள்

பழுதான கருவியின் முன்னால் ஆட்களை எண்ணி எந்தப் பயனும் இல்லை. கவனிப்புக்கு முந்தைய நாள் நீங்களே 20 முறை இயக்குங்கள். அதில் 5 முறை வேண்டுமென்றே தவறாக இயக்குங்கள்: எதிர்த்திசையில் சுற்றுங்கள், பொத்தானை விடாமல் அழுத்துங்கள், இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துங்கள், நடுவில் விட்டுவிட்டுப் போங்கள்.

எதிர்த்திசைச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். டி.சி. மோட்டாரை மின்னியற்றியாக வைத்திருந்தால், திசை மாறும்போது மின்முனையும் மாறும். இழை பல்புக்கு அது பொருட்டில்லை, எல்.இ.டி. எரியாது. இடக்கைக்காரரும் எதிர்ப்பக்கம் நிற்கும் சிறுவனும் "லைட்டு போயிடுச்சு" என்று நகர்ந்துவிடுவார்கள். மின்னோட்டத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடுகள் நான்கால் ஒரு பாலம் கட்டினால் எந்தத் திசையிலும் எரியும். மின்னோட்டம் ஒரே நேரத்தில் இரண்டு டயோடு வழியாகப் போகும்; சாதாரண சிலிக்கன் டயோடில் அந்த இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 1.4 வோல்ட் இழப்பு வரும். ஷாட்கி வகை போட்டால் இழப்பு குறையும், மெதுவாகச் சுற்றும் சின்னப் பிள்ளைக்கும் வெளிச்சம் வரும்.

வேகமாகச் சுற்றுகிறவர்களையும் கணக்கில் எடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்தால் யார் அதிக வேகம் என்று போட்டி வைக்காமல் போக மாட்டார்கள். இழை பல்பில் மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். மின்னழுத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கும் சுற்று இல்லையென்றால் வாரம் ஒரு பல்பு போகும்.

கணினி உள்ள கருவியில் மின்சாரத்தை மூன்று முறை நிறுத்திப் போடுங்கள். திரும்பி வரும்போது நேராகக் காட்சித் திரை வர வேண்டும். கடவுச்சொல் கேட்டு நிற்கக் கூடாது. தொடுதிரையில் தொடாமலே புள்ளிகள் துள்ளினால் மென்பொருளைக் குறை சொல்லும் முன் எர்த் இணைப்பைப் பாருங்கள். எர்த் சரியில்லாத இடத்தில் அடாப்டரின் மின் இரைச்சல் திரைக்குள் புகுந்து பொய்த் தொடுகைகளை உண்டாக்கும்.

3. பேசாமல் நின்று எண்ணுங்கள்

எல்லாப் படிகளிலும் அதிகம் தவறு நடப்பது இதில்தான். காரணம், பேசாமல் நிற்பது கடினம். ஒரு பிள்ளை தப்பாகத் திருகுவதைப் பார்த்ததும் "அப்படி இல்லப்பா, இப்படி" என்று வாய் தானாகத் திறக்கும். திறந்த நொடியில் அந்தப் பதிவு வீண்.

கருவியிலிருந்து 3 அல்லது 4 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில், வேறொரு காட்சியைப் பார்ப்பது போல நில்லுங்கள். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிடாதீர்கள். அட்டையைக் கண்டதும் ஆசிரியர்கள் வந்து விளக்கம் கேட்பார்கள். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

தரையில் மாஸ்க்கிங் டேப்பால் ஒரு கோடு போடுங்கள். முந்தைய ஆளின் பதிவை முடித்த பிறகு, கோட்டை முதலில் தாண்டுகிறவரை அடுத்த பதிவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்வமாக வருகிறவரை நீங்களே தேர்ந்தெடுத்தால் எண்ணிக்கை உங்கள் ஆசையைத்தான் சொல்லும். பள்ளிக்கூட வரிசை வந்தால் மூன்றாவதாகத் தாண்டும் பிள்ளையை எடுங்கள். முதலில் வருவது எப்போதும் வகுப்புத் தலைவரோ துடுக்கான பிள்ளையோதான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. குறியீடுகள்: "க" கடந்து போனார், "நி" நின்றார், "தொ" தொட்டார், "மு" நோக்கத்தில் எழுதியபடி முழுதாகச் செய்தார், "கே" யாரிடமாவது கேட்டார். குறியீட்டுக்குப் பக்கத்தில்: நின்ற நேரம், தோராய வயது, தனியாகவா கூட்டமாகவா என்பது. கடைசியில் ஒரு காலி இடம்: முதலில் கை எங்கே போனது?

அந்தக் காலி இடம்தான் மற்ற எல்லாக் குறியீடுகளையும்விட மதிப்புள்ளது. சுனாமித் தொட்டியில் பாதிப் பேர் தட்டை விட்டுவிட்டுத் தண்ணீரில் கை விடுவதை அது காட்டும். மின்னியற்றியில், பெயர்ப்பலகையைப் பிடித்துவைக்கும் பளபளப்பான திருகைப் பொத்தான் என்று அழுத்துவதையும் காட்டும்.

"நின்றார்" என்பதற்கு வரையறை வேண்டும்: இரண்டு காலும் அசையாமல், முகம் கருவியின் பக்கம், குறைந்தது 3 வினாடி. இதை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டு பேர் எடுக்கும் கணக்கு இரண்டு விதமாக வரும். முதல் பத்துப் பேரை இருவரும் சேர்ந்து எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோட்டைத் தாண்டியவர்கள் 60 பேர் சேரும்வரை எண்ணுங்கள். பாதியை வார நாளிலும் பாதியை ஞாயிறிலும் எடுங்கள். வார நாளில் பள்ளி வேன்கள். ஞாயிறில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் குடும்பங்கள். இரண்டு கூட்டமும் ஒரே கருவியை வெவ்வேறு விதமாகக் கையாளும். ஒன்றில் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். மற்றதில் அப்பா இயக்குவார், பிள்ளை பார்க்கும்.

4. எந்தப் படியில் உதிர்கிறார்கள்?

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: 60 பேர் தாண்டினார்கள், 34 பேர் நின்றார்கள், 28 பேர் தொட்டார்கள், 11 பேர் முழுதாகச் செய்தார்கள். நின்றது 57 சதவீதம். நின்றவர்களில் தொட்டது 82 சதவீதம். தொட்டவர்களில் முடித்தது 39 சதவீதம். ஆகவே ஆட்களை இழுப்பதில் குறையில்லை, கை வைக்கவும் தயக்கமில்லை, செய்யும்போதுதான் உடைகிறது. இந்தக் கருவிக்குப் புதிய பெயர்ப்பலகையும் வண்ண விளக்கும் வாங்குவது வீண் செலவு.

நின்ற நேரத்துக்குச் சராசரி எடுக்காதீர்கள். 4, 6, 7, 9, 11, 14, 180 வினாடி என்று ஏழு பேர் நின்றால் சராசரி 33 வினாடி. அவ்வளவு நேரம் நின்றவர் உண்மையில் யாருமில்லை. ஒருவர் மட்டும் மூன்று நிமிடம் இருந்தார். வரிசையில் நடுவில் நிற்கும் எண்ணான 9 வினாடிதான் நிலவரம். பள்ளிப் பாடத்தில் வரும் இடைநிலை அளவு இதுதான்.

நேரம் அதிகமென்றால் நல்லது என்றும் முடிவு கட்ட வேண்டாம். புரியாமல் திணறுகிறவரும் நீண்ட நேரம் நிற்பார். நேரத்தை எப்போதும் "மு" குறியோடு சேர்த்தே படியுங்கள்.

5. இப்போது ஆறு குழுக்களோடு பேசுங்கள்

எண்ணிக்கை எங்கே என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஐந்தாறு குழுக்கள் போதும், பெரிய தடுமாற்றங்கள் அதற்குள் திரும்பத் திரும்ப வந்துவிடும். கருவிக்கு வரும் முன்பே கேளுங்கள்: "அண்ணா, அஞ்சு நிமிஷம் இருக்குமா? நாங்க சோதிக்கிறது இந்தக் கருவியத்தான், உங்கள இல்ல. மனசுல என்ன தோணுதோ அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க." நடுவில் இருக்கும் வாக்கியத்தை விடக் கூடாது. அது இல்லாவிட்டால் பெரியவர்கள் தேர்வு எழுதுவது போல இறுகிவிடுவார்கள்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "சூப்பர்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: "இதைப் பாக்காத உங்க தம்பிக்கு இது என்னன்னு எப்படிச் சொல்லுவீங்க?" அந்தப் பதிலை நோக்கத்தின் மூன்றாவது வரியோடு ஒப்பிடுங்கள். "சுத்துனா கரன்ட் வரும்" என்று வந்தால் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. கை கனத்ததைப் பற்றி ஒரு சொல்லாவது வந்ததா என்று பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளிடம் பேசும்போது ஆசிரியர் பார்வைக்குள் இருக்கட்டும், காது கேட்கும் தூரத்தில் வேண்டாம். ஆசிரியர் அருகில் இருந்தால் பிள்ளைகள் பாடப்புத்தக வரியை ஒப்பிப்பார்கள்; அது கருவியிலிருந்து வந்த பதில் இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்து வரையச் சொல்லலாம். படத்தில் கைப்பிடி இருந்து பல்பு இல்லாவிட்டால், பல்பு அந்தப் பிள்ளையின் கண்ணில் படவில்லை என்று கொள்ளலாம்.

பிறகு அந்தக் கூடத்தின் உதவியாளரிடமும் காவலரிடமும் கேளுங்கள்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதை நீங்களே செஞ்சு காட்டுறீங்க?" எண்ணிக்கை இரட்டை இலக்கத்தில் வந்தால், பலகை செய்ய வேண்டிய வேலையை அந்த அக்காவின் தொண்டை செய்துகொண்டிருக்கிறது.

6. திருத்தம் கையிலிருந்து தொடங்கட்டும்

திருத்தும் வரிசை: கை, பிறகு கண், காது, எழுத்து, கடைசியில் மென்பொருள். கை எட்டாத இடத்தில் எழுத்தைத் திருத்தினால் இரண்டு வேலையும் மறுபடி வரும்.

உயரத்தை அளந்து பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் எட்ட வேண்டுமென்றால் இயக்கும் பகுதிகள் தரையிலிருந்து 40 செ.மீ.க்கும் 120 செ.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும். மேசைக் கருவியானால் அடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. உயரமும் 80 செ.மீ. அகலமும் காலியாக விட்டு, மேல்பரப்பை 75 முதல் 80 செ.மீ.க்குள் நிறுத்துங்கள். பிள்ளைகளுக்காக மரப்படி போடுவது வழக்கமான அவசர வைத்தியம். அது நாற்காலியை மறிக்கும், கூட்டத்தில் காலை இடறும். முடிந்தால் இரண்டு உயரத்தில் இரண்டு கைப்பிடி வையுங்கள்.

விசைக்குக் கொக்கித் தராசு. கைப்பிடியின் நுனியில் மாட்டி, சுற்றும் திசையில் மெல்ல இழுங்கள். நகரத் தொடங்கும்போது 2 கிலோவுக்கு மேல் காட்டினால் பலருக்குக் கனம். பல்பை இணைத்தும் இணைக்காமலும் இழுத்துப் பாருங்கள்.

மின்னியற்றியில் பலர் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டிவிடுவார்கள். மோட்டார், பற்சக்கர இழப்பையும் சேர்த்தால் கை 40 வாட்டுக்கு மேல் தர வேண்டியிருக்கும். எட்டு வயதுப் பிள்ளையால் அது ஆகாது. அதே 12 வோல்ட்டில் 5 வாட் பார்க்கிங் பல்பு போதும். எல்.இ.டி. பக்கத்துக்கும் இதற்கும் உள்ள கன வேறுபாடு தெளிவாகத் தெரியும், பிள்ளையின் தோளும் வலிக்காது.

தவறான இடத்துக்குக் கை போகிறதென்றால், அந்த இடத்தை மறைப்பதுதான் முதல் மருந்து. பளபளப்பான திருகு தலைக்குக் கறுப்பு மூடி. தண்ணீரில் கை விடுகிறார்களா? மேலே அக்ரிலிக் தகடு. "தொடாதீர்கள்" என்று பலகை வைத்தால் தொடத்தான் தோன்றும்.

7. பதில் எங்கே வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது?

கை செய்ததற்கான பதில் 0.1 வினாடிக்குள் வந்தால் தன் கையால் நடந்தது போலவே இருக்கும். 1 வினாடியைத் தாண்டினால் சந்தேகம் வரும், மறுபடி அழுத்துவார்கள். மறு அழுத்தத்தில் காணொளி முதலிலிருந்து தொடங்கும்படி நிரல் இருந்தால் அந்தக் காணொளியை யாரும் முழுதாகப் பார்க்கப் போவதில்லை. ஓடும்போது மறு அழுத்தத்தைப் புறக்கணிக்கச் செய்யுங்கள். பொத்தானுக்குள்ளேயே ஒரு விளக்கு எரிந்து "கேட்டுவிட்டது" என்று சொல்லட்டும். பொத்தான் அழுத்தும்போதே வேலை செய்ய வேண்டும், விடும்போது அல்ல.

இடமும் முக்கியம். கை ஓரிடம், பல்பு தலைக்கு மேல் 2 மீட்டரில் என்றால் சுற்றுகிறவர் தன் கையைத்தான் பார்ப்பார். பின்னால் நிற்பவர் மட்டும் பல்பைப் பார்ப்பார். கையிலிருந்து 30, 40 செ.மீ.க்குள் பதில் தெரிய வேண்டும்.

சுனாமித் தொட்டியின் சிக்கல் இங்கேதான். 10 செ.மீ. ஆழத் தண்ணீரில் நீண்ட அலை வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் ஓடும். 3 மீட்டர் தொட்டியில் 3 வினாடியில் கரை, இன்னும் 3 வினாடியில் திரும்பி வந்துவிடும். தட்டை ஒரு முறை, நிதானமாக, முழு நீளத்துக்குத் தள்ள வேண்டும். வருகிறவர்கள் முன்னும் பின்னும் உலுக்குவார்கள். உலுக்கினால் குட்டையான அலைகள் மோதிச் சிதறும். கரையில் எதுவும் ஏறாது. "மெதுவாகத் தள்ளவும்" என்று எழுதிப் பயனில்லை, கை அதற்கு முந்திவிடும்.

தட்டின் அச்சில் உராய்வோ எண்ணெய்த் தடையோ கொடுத்து, வேகமாகத் தள்ள முடியாதபடி செய்யுங்கள். தட்டு திரும்பியதும் தண்ணீருக்கு மேலே எழும்பிக்கொள்ளட்டும். அதன் பின்னால் தென்னை நாரை அடைத்தால் திரும்பி வரும் அலை அங்கே அடங்கும். உங்கள் தொட்டி அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து, அதுவரை சிவப்பு விளக்கு, பிறகு பச்சை வையுங்கள். காத்திருக்கச் சொல்லும் எழுத்தைவிடப் பச்சை விளக்குக்கு ஆட்கள் கட்டுப்படுவார்கள், சிக்னலில் பழகிய கால்கள்தானே.

ஒலி உள்ள கருவியைக் காலியான கூடத்தில் சரிபார்க்காதீர்கள். இரண்டு பள்ளிகள் உள்ளே இருக்கும்போது பாருங்கள். சத்தத்தைக் கூட்டுவது போட்டியை வளர்க்கும். ஒலிபெருக்கியைக் கேட்பவரின் காதுக்கு 50 செ.மீ. அருகே கொண்டுவருவதே தீர்வு. பேசப்படும் எல்லாவற்றுக்கும் திரையில் எழுத்து வையுங்கள்.

8. எழுத்து

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "மின்காந்தத் தூண்டலின் அடிப்படையில் மின்னோட்டம் உருவாவதைக் காண இக்கைப்பிடியை வலஞ்சுழியாகச் சுழற்றவும்" என்று எழுதினால், செய்ய வேண்டிய ஒரே சொல்லுக்கு வரும் முன்பே படிப்பவர் கண் நகர்ந்துவிடும். செயல் வாக்கியம் நான்கைந்து சொல்லுக்குள் முடியட்டும்: "கைப்பிடியைச் சுற்றுங்கள். பல்பின் பக்கம் மாற்றுங்கள். கை கனக்கிறதா?" காரணம் அதற்குக் கீழே, தனியாக, சின்ன எழுத்தில்.

செயல் வரிகளைக் கைப்பிடிக்கு அருகிலேயே ஒட்டுங்கள். சுவரில் உள்ள பெரிய பலகையைச் செய்து முடித்த பிறகுதான் பார்ப்பார்கள், பார்த்தால். 1 மீட்டரில் நின்று படிக்க 24 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையாத எழுத்து வேண்டும். தமிழில் எழுத்துக்கு மேலேயும் (கி, கீ) கீழேயும் (கு, மூ) குறிகள் இருப்பதால் வரி இடைவெளியை எழுத்தளவின் 1.4 மடங்காவது வையுங்கள். ஆங்கிலத்துக்கு வடிவமைத்த கட்டத்தில் தமிழை அடைப்பதுதான் நெரிசலுக்குக் காரணம். தமிழை முதலில் எழுதி, அந்த அளவுக்குக் கட்டம் போடுங்கள்.

கலைச்சொல்லுக்குப் பள்ளிப் பாடநூலைப் பின்பற்றுங்கள். மின்னியற்றி, மின்தடை, இயக்க ஆற்றல் என்று புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு நீங்கள் புதிதாக ஆக்கிய சொல் வேறு பொருளாகத் தெரியும். எண்களை ஊரோடு சேர்த்துச் சொல்லுங்கள். 4000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்கு ஏறத்தாழ 700 கி.மீ. வேகத்தில் ஓடும், 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36 கி.மீ.தான். கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் நிற்பவர் பார்ப்பது இந்த இரண்டாவது வேகத்தை. இதை எழுதினால், குறைந்த வேகமே இவ்வளவா என்ற கேள்வி தானாக எழும். முன்பகுதி வேகம் குறைய, பின்னால் வரும் தண்ணீர் நெருங்கி உயர்கிறது என்று அடுத்த வரியில் சொல்லலாம்.

பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், மேட் வகை போடுங்கள். காலை 9, நண்பகல் 12, மாலை 4 மணிக்கு நின்று படித்துப் பாருங்கள்.

9. தொடுதிரை இருந்தால்

பொத்தான் ஒவ்வொன்றும் 2 செ.மீ.க்குக் குறையாமல், இடையில் அரை செ.மீ. இடைவெளியோடு இருக்கட்டும். யாரும் தொடாமல் 45 வினாடி போனால் முகப்புக்குத் திரும்ப வேண்டும். முந்தையவர் நடுவில் விட்ட பக்கத்தில் தொடங்குகிறவர் எதுவும் புரியாமல் போய்விடுவார்.

மொழியைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். புதுச்சேரியில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றுக்கும் ஆள் வருவார்கள். கொடிப் படம் போடும் பழக்கம் வேண்டாம். தமிழுக்கு எந்தக் கொடி போடுவது? முகப்புக்குத் திரும்பும்போது மொழியும் தமிழுக்குத் திரும்ப வேண்டும்.

எழுத்துருவைச் சோதிக்க "கொக்கு, கேழ்வரகு, மௌனம், ஸ்ரீ" என்று நான்கு சொற்களை ஓடவிடுங்கள். விளையாட்டு மென்பொருள் சிலவற்றிலும் சிறு திரைகளிலும் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உருவாக்கியவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இது கண்ணிலேயே படாது. வேறு வழியில்லாவிட்டால் எழுத்தைப் படமாக்கி வையுங்கள்.

10. அட்டையில் செய்து பாருங்கள்

எந்தத் திருத்தத்தையும் முதலில் சன்போர்டிலும் கையெழுத்திலும் செய்யுங்கள். வினைலில் அச்சடித்த பிழையைக் கிழிக்க யாருக்கும் மனம் வராது; ஸ்கெட்ச் பேனா பிழையை அடுத்த நிமிடம் மாற்றலாம்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பல்பையும் பலகையையும் உயரத்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்துப் பேரைப் பாருங்கள். முதல் நான்கு பேரும் ஒரே இடத்தில் தடுமாறினால் பத்து வரை காத்திருக்க வேண்டாம், உடனே மாற்றுங்கள். கையெழுத்து அழகாக இல்லையே என்று மேலதிகாரி முகம் சுளிப்பார். "சோதனைப் பலகை" என்று மூலையில் எழுதிவிடுங்கள்.

11. மறுபடி எண்ணுங்கள்

அதே கோடு, அதே வரையறை, அதே வகை நாள், முடிந்தால் அதே ஆள். முதல் கணக்கைச் சாதாரண வாரத்திலும் இரண்டாவதை மே விடுமுறையிலும் எடுத்தால் ஒப்பிட முடியாது.

முன்பும் பின்பும் தொட்டவர்கள் 40 பேர் வீதம் இருந்தால், 22 சதவீதப் புள்ளிக்குக் குறைந்த வேறுபாடு தற்செயலாகவே வரலாம். 39 சதவீதம் 48 ஆனது என்றால் இன்னும் எண்ணுங்கள். 39 சதவீதம் 70 ஆனது என்றால் அச்சுக்குக் கொடுக்கலாம். முடித்தவர் எண்ணிக்கை கூடி, "தம்பிக்கு எப்படிச் சொல்வீர்கள்" என்ற கேள்விக்கான பதில் மாறாமலே இருந்தால், கை சரியாகிவிட்டது, எழுத்து இன்னும் சரியாகவில்லை என்று கொண்டு 8-க்குத் திரும்புங்கள்.

12. திறந்த பிறகு

திறப்பதற்கு முன் தினமும் 10 நிமிடம், ஒவ்வொரு கருவியையும் ஒரு முறை முழுதாக இயக்க வேண்டும். பழுதானால் இயக்கும் பகுதியை மூடி, "பழுது. சரிசெய்கிறோம்" என்ற தாளைத் தேதியோடு ஒட்டுங்கள். மூடாமல் தாள் மட்டும் ஒட்டினால் அதையும் திருகிப் பார்ப்பார்கள். பதிவேட்டில் தேதி, அறிகுறி, காரணம், மாற்றிய பொருள் என்று நான்கே கட்டங்கள். ஒரே பாகம் மூன்று முறை வந்தால் அது பராமரிப்புக் குறை இல்லை. வடிவமைப்பை மாற்ற வேண்டும்.

கடற்கரை ஊரில் உப்புக்காற்றுக்குத் தனிக் கவனம் தேவை. சாதாரண இரும்புத் திருகு ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறிக் கழற்ற முடியாமல் போகும்; 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். அக்டோபருக்கு முன் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றி, மின்முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒரு முறை முழுதாக வடித்து, தேய்த்து, காயவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். தென்னை நாரையும் அன்றே வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள்.

உதிரிப் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: பொத்தானுக்குள் போகும் மைக்ரோ சுவிட்ச் 4, 12 வோல்ட் அடாப்டர் 1, 5 வாட் பல்பு 6, டயோடு 8, கைப்பிடித் திருகுக்கேற்ற ஆலன் சாவி 2. சாவியை இரண்டாகச் சொல்வதற்குக் காரணம், ஒன்று எப்படியும் தொலையும்.